கடைக்காரரின் கணக்கு

மளிகைக்கடை முகப்பில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் ஒரு ரொட்டியும் ஒரு டின் பாலும் வாங்கியிருக்கிறாள். விலை 6 ரிங்கிட் 35 சென். 10 ரிங்கிட் நோட்டை நீட்டுகிறாள். கடைக்காரர் காசுகளை ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தபடியே வாய்விட்டுச் சொல்கிறார்:

“ஆறு முப்பத்தஞ்சு. இந்தா அஞ்சு காசு, ஆறு நாப்பது. பத்து காசு, ஆறு அம்பது. அம்பது காசு, ஏழு வெள்ளி. எட்டு... ஒம்பது... பத்து. பாக்கி சரியா இருக்கா பாப்பா?”

“சரியா இருக்கு அங்கிள்.”

இந்த உரையாடல் முடிய அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால், இதற்குள் ஒரு முழுமையான கணித முறை அடங்கியிருக்கிறது. கடைக்காரர் 10இலிருந்து 6.35ஐக் கழிக்கவே இல்லை. 6.35இல் தொடங்கி, படிப்படியாக ஏறி, 10ஐத் தொட்டார். ‘எவ்வளவு மீதம் கொடுத்தீர்கள்?’ என்று அந்த நொடியில் அவரைக் கேட்டால் அவரே சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும். 3 ரிங்கிட் 65 சென் என்ற விடை அவர் மனத்தில் எங்கும் தோன்றவில்லை. அது சிறுமியின் கையில்தான் சேர்ந்திருக்கிறது.

கடைக்காரர் ‘வெள்ளி’, ‘காசு’ என்று சொல்வதையும் கவனிக்கலாம். பாடநூல்களில் ரிங்கிட், சென் என்று எழுதுகிறோம். வீட்டிலும் கடையிலும் வெள்ளி, காசு என்றே பேசுகிறோம். முற்காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் புழங்கின. அவற்றின் விளிம்பு ரம்பப் பல்லைப் போல வெட்டுடன் இருந்தது. அந்த வெட்டு விளிம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்தான் ‘ரிங்கிட்’. மலாய்க்காரர் நாணயத்தின் விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டனர். தமிழர் அதன் உலோகத்தைச் சொல்லி அழைத்தனர். இன்று கையில் இருப்பது தாளாக இருந்தாலும் பெயர் வெள்ளிதான்.

இனி இதே கணக்கைத் தாளில் செய்து பார்ப்போம். 10.00இலிருந்து 6.35ஐக் கழிக்க வேண்டும். வலக்கோடியில் பூச்சியம், அதிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாது. பக்கத்தில் கடன் வாங்கலாம் என்றால் அங்கும் பூச்சியம். அதற்கும் அப்பால் இன்னொரு பூச்சியம். ஆக, கோடியில் உள்ள ஒன்றிடம் போய், அதை உடைத்து, வரிசையாகக் கைமாற்றிக்கொண்டு வர வேண்டும். தொடக்கப்பள்ளி மாணவர் பலர் இங்கேதான் தடுமாறுகின்றனர். பூச்சியத்திலிருந்து ஐந்து போகாது என்றதும் ஐந்தை அப்படியே கீழே இறக்கிவிடுவார்கள்; மூன்றையும் அப்படியே இறக்குவார்கள்; பத்தில் ஆறு போனால் நான்கு. விடை 4.35 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் அது ஒரு சிவப்புப் பிழைக்குறி மட்டுமே. கடையிலோ அது 70 சென் நட்டம். கடைக்காரருக்கு ஒரு நாளைக்கு இப்படிப் பத்து முறை நேர்ந்தால் 7 ரிங்கிட் போய்விடும்.

பள்ளிக் கணக்கும் சந்தைக் கணக்கும் இப்படி விலகி நிற்பதை மூன்று ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கின்றனர். டெரிசின்யா நூனெஸ் கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை 1985ஆம் ஆண்டு வெளியிட்டனர். அந்நகரின் தெருவோரங்களில் தேங்காய் போன்றவற்றைப் பிள்ளைகள் விற்றுக்கொண்டிருந்தனர். குடும்ப வறுமையால் பெற்றோருக்கு உதவியாக வந்தவர்கள் அவர்கள். 9 முதல் 15 வயதுக்குட்பட்ட ஐந்து பேரை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்து, முதலில் சாதாரண வாடிக்கையாளரைப் போல அவர்களிடம் பொருள் வாங்கினர். ‘இத்தனை தேங்காய் என்ன விலை? இந்த நோட்டைக் கொடுத்தால் மீதம் எவ்வளவு?’ என்று கேட்டனர். பிறகு, அதே எண்களைக் கொண்ட கணக்குகளைப் பள்ளித் தேர்வு போலத் தாளும் எழுதுகோலும் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள்.

தெருவில் கேட்ட கேள்விகளில் 98.2 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. ஒரு கதையோடு சேர்த்து எழுத்தில் கொடுத்தபோது அது 73.7 விழுக்காடாகக் குறைந்தது. கதையும் இல்லாமல் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 விழுக்காடு மட்டுமே சரி. அதே பிள்ளைகள், அதே எண்கள்.

அவர்களுள் ஒரு பிள்ளையின் கணக்கு மிகவும் சுவையானது. ஒரு தேங்காய் 35 குருசேரோ. நான்கு தேங்காய் என்ன விலை என்று கேட்டபோது, மூன்று தேங்காய்க்கு 105 என்பது அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரியும். அதோடு 30ஐச் சேர்த்து 135 என்றும், விட்டுப்போன ஐந்தையும் சேர்த்து 140 என்றும் சரியாகச் சொல்லிவிட்டது. பிறகு, தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோது, நாலைந்து இருபது என்று சொல்லி, இரண்டை மேலே எழுதி, அந்த இரண்டை மூன்றோடு முதலிலேயே கூட்டி ஐந்தாக்கி, அந்த ஐந்தை நான்கால் பெருக்கி, 200 என்று விடை எழுதியது. தெருவில் யாராவது நான்கு தேங்காய்க்கு 200 கேட்டிருந்தால் முதலில் சிரித்திருப்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். தாளில் இருந்த 35 தேங்காயின் விலையாக அதற்குத் தோன்றவில்லை.

தாளில் செய்யும் கணக்கு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வீட்டுக் கடனையோ மாதச் சம்பளத்தையோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பெரிய எண்களுக்கும் வட்டிக்கும் விழுக்காட்டுக்கும் எழுத்து முறைதான் துணை. ஆனால், எழுத்து முறையை மட்டும் கற்ற பிள்ளை, தன் விடை பொருந்துகிறதா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் பெறுவதில்லை. 6 ரிங்கிட் 35 சென்னுக்கு மேல் 4 ரிங்கிட் 35 சென் சேர்த்தால் 10ஐத் தாண்டிவிடுமே என்று ஏறி எண்ணிப் பழகிய பிள்ளைக்கு உடனே உறுத்தும். இரண்டு முறையும் தெரிந்தவர்தான் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்க முடியும்.

சரி, சிறு பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? பெரியவர்கள் எளிது என்று கடந்துபோகும் இடத்தில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. காசை அடையாளம் காண்பதே அந்தச் சிக்கல்.

ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னே ஒரு 50 சென் காசையும் மூன்று 10 சென் காசுகளையும் வைத்து, எது அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று காசு பக்கமே கை நீளும். அந்த வயதில் எண்ணிக்கைதான் மதிப்பு. ஒரு சிறு வட்டத்துக்குள் ஐம்பது ஒளிந்திருக்கிறது என்பது வெறும் ஏற்பாடு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2012இல் வெளியிடப்பட்ட புதிய காசுகளும் 1989இல் வெளிவந்த பழைய காசுகளும் ஒன்றாகவே புழங்குகின்றன. புதிய 50 சென் மஞ்சள் நிறம். பழைய 50 சென் வெள்ளை நிறம், அளவிலும் பெரியது. இதைவிட வியப்பு, பழைய 20 சென் காசு புதிய 50 சென் காசைவிடச் சற்றுப் பெரியது! அளவைப் பார்த்து மதிப்பைச் சொல்லும் பிள்ளை இங்கே கட்டாயம் ஏமாறும். அதனால் காசைத் திருப்பி எண்ணைப் படிக்கப் பழக்க வேண்டும். படத்தையும் துணையாகக் கொள்ளலாம். பழைய 5 சென்னில் பம்பரம், 10 சென்னில் சோங்கா விளையாட்டுப் பலகை, 20 சென்னில் வெற்றிலைப் பெட்டி, 50 சென்னில் ‘வாவ்’ என்னும் பட்டம். சோங்கா நம் பல்லாங்குழியைப் போன்றது. குழிகளில் காய்களை எண்ணிப் போட்டு ஆடுவது. எண்ணும் விளையாட்டு ஒன்று காசிலேயே பொறிக்கப்பட்டிருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அடையாளம் தெரிந்த பிறகு எண்ணுதல். ஒரே வகைக் காசுகளை எண்ணுவது எளிது: பத்து, இருபது, முப்பது. கலந்து கிடக்கும்போதுதான் நாக்கு பிறழும். ஒரு 50 சென், ஒரு 20 சென், இரண்டு 10 சென், ஒரு 5 சென் இருக்கின்றன. ஐம்பது, எழுபது, எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று சொல்ல வேண்டும். இருபதாகத் தாவியவர் உடனே பத்தாகவும், பத்திலிருந்து ஐந்தாகவும் அடியைச் சுருக்க வேண்டும். பல பிள்ளைகள் எழுபதுக்குப் பிறகு தொண்ணூறு என்று பழைய தாவலிலேயே போய்விடுகின்றனர். இதற்கு நல்ல வழி, காசு வகை மாறும் இடத்தில் ஒரு கணம் கையை நிறுத்துவது. பெரிய காசிலிருந்து சிறிய காசுக்கு வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, வகை மாறும்போது மேசையை ஒரு தட்டு தட்டச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது விளையாட்டாகத் தோன்றும். ஆனால், அந்தத் தட்டுதான் தாவலை மாற்றும்படி நினைவூட்டுகிறது.

அடுத்து, ஒரே தொகையைப் பல விதமாக அமைத்தல். 5, 10, 20, 50 சென் காசுகளைக் கொண்டு 50 சென்னை எத்தனை விதமாக அமைக்கலாம்? வகுப்பில் கேட்டால் நான்கு, ஐந்து என்று தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். உண்மையில் 13 விதம் உண்டு. இரண்டு 20 சென் வைத்து எத்தனை, ஒரு 20 சென் வைத்து எத்தனை, 20 சென்னே இல்லாமல் எத்தனை என்று ஒழுங்காகத் தேடினால் ஒன்றும் விட்டுப்போகாது. கல்லாப்பெட்டியில் 10 சென் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கடைக்காரர் திகைப்பதில்லை. இரண்டு 5 சென் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அவருக்கு இந்த 13 விதமும் விரல் நுனியில் இருக்கின்றன.

இவை கைவந்த பிறகே மீதப் பணம். வகுப்பறையில் ஒரு மூலையைக் கடையாக்கலாம். காலி டின்கள், மாவுப் பைகள், பற்பசைப் பெட்டிகள் ஆகியவற்றில் விலையை எழுதி ஒட்டலாம். கூடுமானவரை உண்மையான காசுகளையே பயன்படுத்துவது நல்லது. நெகிழிக் காசுக்கு எடையும் இல்லை, ஓசையும் இல்லை. விற்பவர் வாய்விட்டு ஏறி எண்ண வேண்டும்; வாங்குபவர் தாமும் மனத்துக்குள் எண்ண வேண்டும். இரண்டு பேரும் ஒரே எண்ணில் வந்து முடிந்தால்தான் வியாபாரம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். கழித்தல் கணக்கில் ஒருவர் விடையை மற்றவர் நம்பியாக வேண்டும். ஏறி எண்ணும்போது இருவர் கண்ணெதிரிலும் கணக்கு நடக்கிறது. இம்முறை சந்தைகளில் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுபவமுள்ள கடைக்காரர் இன்னொன்றும் செய்வார். வாங்கிய நோட்டை உடனே கல்லாவில் போடாமல் மேசைமேல் வைத்துக்கொண்டு மீதத்தை எண்ணுவார். மீதம் சரி என்று வாடிக்கையாளர் தலையசைத்த பிறகுதான் நோட்டு உள்ளே போகும். 1 ரிங்கிட் நோட்டு நீலம். 50 ரிங்கிட் நோட்டு பச்சை கலந்த நீலம். இரவுச் சந்தையின் மங்கிய விளக்கில், கூட்டத்துக்கு நடுவே, ‘நான் கொடுத்தது ஐம்பது வெள்ளி’ என்று ஒருவர் சொன்னால், நோட்டு வெளியே இருப்பதுதான் சாட்சி. வகுப்பறைக் கடையிலும் இந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கலாம்.

சற்று வளர்ந்த மாணவர்களுக்கு இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, முழுமையாக்கும் முறை. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து கடைகளில் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்குகின்றனர். 1, 2 சென்னில் முடிந்தால் கீழே பூச்சியத்துக்கு இறங்கும். 3, 4 மேலே ஐந்துக்கு ஏறும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 பத்துக்கு ஏறும். மொத்தத் தொகைக்குத்தான் இது, ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. 99 சென் விலையுள்ள மூன்று பொருள்களை வாங்கினால் மொத்தம் 2 ரிங்கிட் 97 சென். கொடுக்க வேண்டியது 2 ரிங்கிட் 95 சென். ஒவ்வொன்றாக முழுமையாக்கியிருந்தால் 3 ரிங்கிட் ஆகியிருக்கும். இந்த 5 சென் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் மாணவருக்கு விலைச்சீட்டைப் படிக்கும் ஆர்வம் தானாக வந்துவிடும்.

இரண்டாவது, கூடுதலாகக் கொடுத்து மீதத்தைச் சுருக்குவது. விலை 6 ரிங்கிட் 20 சென். ஒரு பெரியவர் 10 ரிங்கிட் நோட்டோடு இன்னொரு 1 ரிங்கிட் நோட்டையும் ஒரு 20 சென்னையும் சேர்த்துக் கொடுக்கிறார். பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு ஒன்றும் புரிவதில்லை. “தாத்தா, பத்து வெள்ளியே போதுமே, எதுக்கு இன்னும் குடுக்கறீங்க?” என்கிறான். கடைக்காரரோ ஒரு சொல்லும் பேசாமல் ஒரே ஒரு 5 ரிங்கிட் நோட்டை எடுத்து நீட்டுகிறார். சட்டைப் பையில் சில்லறை சேரவில்லை. கல்லாவிலும் சில்லறை தீரவில்லை. இந்தக் கணக்கை எந்த வாய்பாடும் கற்றுத்தருவதில்லை. ஆனால், விலையையும் கொடுக்கும் தொகையையும் இரண்டு புள்ளிகளாகக் கண்டு, அவற்றுக்கு இடையிலான தூரத்தை மனத்தில் அளக்கத் தெரிந்தவருக்கு இது மிக இயல்பாக வருகிறது.

இப்படிக் கடையில் நின்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இப்போது குறைந்து வருகிறது. கைப்பேசியை எடுத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. சில்லறை தேடும் சிரமம் குறைந்தது, பணத்தைச் சுமந்து செல்லும் அச்சமும் குறைந்தது. இருப்பினும், முன்பு ‘கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கி வா’ என்று அம்மா அனுப்பிய ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கு ஒரு கணிதப் பாடம் செலவில்லாமல் கிடைத்தது. போகும்போது கையில் எவ்வளவு, வரும்போது எவ்வளவு என்று வீட்டு வாசலில் ஒரு சோதனையும் நடந்தது. 10 ரிங்கிட் நோட்டு உடைந்து, மூன்று நோட்டும் கொஞ்சம் சில்லறையுமாக மாறியதைக் கை உணர்ந்தது. கைப்பேசியில் 50 என்ற எண் 43.65 ஆக மாறும்போது விரலுக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. வாசலில் நடந்த பாடத்தை இனி யாராவது வேண்டுமென்றே நடத்தியாக வேண்டும். அது பெரும்பாலும் பள்ளியின் பொறுப்பாகத்தான் வந்து சேரும்.

அந்தப் பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி, கடையை மூடும் நேரம். வகுப்பறைக் கடையைத் திறக்கும்போது டின்னில் 20 ரிங்கிட் சில்லறை இருந்தது. விற்பனைப் பட்டியலைக் கூட்டினால் 13 ரிங்கிட் 80 சென். ஆக, டின்னில் 33 ரிங்கிட் 80 சென் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 33 ரிங்கிட் 70 சென்தான் இருக்கிறது. 10 சென்தானே என்று ஆசிரியர் விட்டுவிடலாம், பிள்ளைகள் விடமாட்டார்கள். யார் வாங்கினார்கள், எந்த நோட்டு கொடுத்தார்கள், எந்தக் காசு திரும்பிப் போனது என்று பட்டியலின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வியாபாரத்தையும் மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். பழைய 10 சென் என்று நினைத்து யாரோ ஒருவருக்குப் பழைய 20 சென் போயிருக்கிறது என்று தெரியவரும். அதை வாங்கிய மாணவர் தம் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும்.